பரிசோதனையில் தவறிய பிறகு: எல்லை தாண்டி ஓடும் சாரதிகளுக்கு

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

இன்றைக்கு நான் பேசப் போவது ட்ரக் ஓடுகிறவர்களோடும், அவர்களுடைய வீட்டுக்காரர்களோடும். 401 நெடுஞ்சாலையில் ஏறி வின்ட்சர் வரை போய், அம்பாசடர் பாலம் கடந்து டிட்ரோயிட்டில் இறங்குகிற எங்கள் ஆட்கள் ரொறன்ரோ சுற்றுவட்டாரத்தில் நிறையப் பேர். அவர்களில் ஒருவர் போதைப்பொருள் பரிசோதனையில் தவறிவிட்டால் அந்தச் செய்தி வீட்டுக்கு வராது. "கொம்பனியில இப்ப லோட் குறைவு" என்று சொல்லி நாட்களைக் கடத்துவார்கள். அப்படித் தவறியவர்களை மதிப்பீடு செய்வது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் பலர் தாமதமாகவும், தவறான செய்திகளை நம்பியும் வருகிறார்கள். அதனால்தான் இந்த உரைக்கு அழைத்தபோது உடனே ஒத்துக்கொண்டேன்.

2018 ஒக்டோபர் 17ஆம் திகதி கனடாவில் கஞ்சா சட்டபூர்வமாயிற்று. இப்போது பிளாசாவுக்குப் பிளாசா கடை இருக்கிறது. அரசாங்கம் அனுமதி கொடுத்து விற்கிற பொருளை ஓய்வு நாளில் வீட்டில் இருந்து எடுத்தால் என்ன பிழை என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அமெரிக்காவுக்குள் பாரவாகனம் ஓட்டுகிறவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் அந்நாட்டுப் போக்குவரத்துத் திணைக்களத்தின் விதிக்குக் கட்டுப்பட்டவர். அந்த விதிக்கு ஓய்வு நாள், வேலை நாள் என்ற கணக்கே கிடையாது. கஞ்சா, கொக்கேன், அம்பெற்றமைன் வகை, ஓப்பியொயிட் வகை, பி.சி.பி. என்று ஐந்து வகைகளைத் தேடுகிறார்கள். அடிக்கடி கஞ்சா எடுப்பவரின் சிறுநீரில் அதன் தடயம் வாரக்கணக்கில் தங்கும். சனிக்கிழமை எடுத்தவர் செவ்வாய்க்கிழமை தெளிவாகவே வண்டி ஓட்டலாம். ஆனாலும் முடிவு பொசிட்டிவ் என்று வரலாம். டாக்டர் எழுதிக் கொடுத்த கஞ்சாவுக்கும் விலக்கு இல்லை. முழங்கால் நோவுக்கென்று வாங்கிய, கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சி.பி.டி. எண்ணெயைக் காரணம் காட்டினாலும் ஏற்கமாட்டார்கள்.

இந்தக் கடுமைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1987 ஜனவரி 4ஆம் திகதி மேரிலண்ட் மாநிலத்தில் சேஸ் என்ற இடத்தில், சிவப்பு சமிக்ஞையில் நிற்காமல் வந்த சரக்கு எஞ்சின்களோடு ஒரு பயணிகள் ரயில் மோதியது. 16 பேர் இறந்தார்கள். அந்த எஞ்சினை ஓட்டியவர் கஞ்சா புகைத்திருந்தார். 1991 ஓகஸ்டில் நியூயோர்க் சுரங்க ரயில் ஒன்று தடம் புரண்டு 5 பேர் இறந்தபோது சாரதி மதுபோதையில் இருந்தார். அதே ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸ் பாதுகாப்போடு தொடர்புள்ள வேலை செய்யும் போக்குவரத்துத் தொழிலாளருக்குப் பரிசோதனையைச் சட்டமாக்கியது. ரயில், விமானம், பஸ், ட்ரக், எரிவாயுக் குழாய் வேலை எல்லாம் அதற்குள் வருகின்றன. இறந்தவர்களின் குடும்பங்களை நினைத்தால் அந்தச் சட்டத்தோடு என்னால் சண்டை பிடிக்க முடியவில்லை.

சரி, பரிசோதனைக்கு வருவோம். சிறுநீர் கொடுக்கும் கோப்பையின் பக்கவாட்டில் ஒரு வெப்பநிலைப் பட்டி ஒட்டியிருக்கும். கொடுத்த நான்கு நிமிடங்களுக்குள் அது 32 முதல் 38 பாகை செல்சியஸ் காட்ட வேண்டும். இல்லையென்றால் கண்காணிப்போடு இன்னொருமுறை கொடுக்க வேண்டும். சிறுநீர் வரவில்லை என்றால் தண்ணீர் தந்து மூன்று மணி நேரம் வரை காத்திருக்க வைப்பார்கள். இந்த மூன்று மணி நேரத்தில்தான் சிலர் மாட்டிக்கொள்கிறார்கள். "ட்ரக்கைப் பிழையான இடத்தில விட்டிட்டன், மாத்தி விட்டிட்டு வாறன்" என்று வெளியே போய்விடுவார்கள். பரிசோதனை தொடங்கியபின் முடியாமல் வெளியேறினால் அது மறுப்பு. மறுப்புக்கும் பொசிட்டிவுக்கும் விளைவு ஒன்றுதான். போதை எதையும் தொடாத மனிதர் ஒருவர் பார்க்கிங் டிக்கெட்டுக்குப் பயந்து தொழிலை இழக்கக்கூடாது. தயவுசெய்து அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

ஆய்வுகூட முடிவு முதலில் ஒரு டாக்டரிடம் போகும். மருத்துவ மீளாய்வு அதிகாரி என்பார்கள். அவர் உங்களுக்குப் போன் எடுப்பார். தெரியாத நம்பர் என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் பெயரில் டாக்டர் எழுதிய மருந்து ஏதாவது இருந்தால் சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஒன்ராறியோவில் கோடீன் கலந்த மாத்திரையைப் பார்மசியில் சீட்டு இல்லாமலே கேட்டு வாங்கலாம். அப்படி எதையும் எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ஆனால் அம்மாவுக்கு நாரி நோவுக்குக் கொடுத்த மாத்திரையில் இரண்டை எடுத்தேன் என்றால் அது எடுபடாது. மருந்துச் சீட்டு உங்களுடையதாக இருக்க வேண்டும். முடிவில் சந்தேகம் இருந்தால், அவர் முடிவை அறிவித்த நேரத்திலிருந்து 72 மணித்தியாலத்துக்குள், இரண்டாகப் பிரித்து வைத்த உங்கள் சிறுநீரின் இரண்டாவது போத்தலை வேறு ஆய்வுகூடத்தில் பார்க்கும்படி கேட்கலாம்.

பொசிட்டிவ் என்று உறுதியானதும் ஸ்டியரிங்கில் கை வைக்க முடியாது. 2020 ஜனவரி 6 முதல் அந்தப் பதிவு கிளியரிங்ஹவுஸ் என்ற தரவுத்தளத்தில் ஏறுகிறது. அமெரிக்காவுக்கு ஓடும் கனடியச் சாரதிகளும் அதில் உண்டு. கொம்பனி மாறினால் தப்பலாம் என்ற காலம் அதோடு முடிந்தது. உங்களை வேலைக்கு எடுக்க நினைக்கும் அடுத்த கொம்பனி முதலில் அதைத்தான் திறந்து பார்க்கும்.

இங்கேதான் எஸ்.ஏ.பி. (Substance Abuse Professional) என்ற ஆள், அதாவது தவறியவரை மதிப்பீடு செய்யும் என்னைப் போன்றவர், வருகிறார். கொம்பனி உங்களுக்கு எஸ்.ஏ.பி.க்களின் பட்டியல் தர வேண்டும். வேலையை விட்டு நிறுத்தினாலும் தர வேண்டும். செலவை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் அதற்கு இல்லை. சில நூறு டொலர் உங்கள் கையிலிருந்து போகலாம். எஸ்.ஏ.பி. ஆக இருப்பவர் டாக்டராகவோ, உளவியலாளராகவோ, சமூகசேவையாளராகவோ, போதைப்பழக்க ஆலோசகராகவோ இருக்கலாம். அதற்கென்று தனிப் பயிற்சியும் பரீட்சையும் உண்டு. 2023 ஜூன் முதல் வீடியோவிலும் மதிப்பீடு செய்ய அனுமதி இருக்கிறது.

வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தொடங்குவார்கள். கையில் ஒரு பைல் இருக்கும். பத்து வருட லைசென்ஸ் பதிவு, விபத்தில்லாத சான்று, சிலவேளை கோயில் நிர்வாகத்தின் கடிதம்கூட. "அக்கா, நான் ஒண்டும் போதைக்காரன் இல்லை. ஒரு கஞ்சாக் கம்மி மிட்டாய்தான் சாப்பிட்டனான். அவங்கட டெஸ்ட் பிழை." நான் அந்தப் பைலை மரியாதையோடு பார்த்துவிட்டு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது: பரிசோதனை சரியா பிழையா என்று நான் பார்க்க முடியாது. விதியே அப்படி. உறுதியான முடிவை முடிந்த முடிவாக எடுத்துக்கொண்டுதான் நான் தொடங்க வேண்டும். பக்கத்தில் இருந்தவன் புகைத்தது, வேலைப் பளு, சணல் எண்ணெய், டாக்டர் தந்த கஞ்சா எதையும் நான் கணக்கில் எடுக்கக்கூடாது. நான் உங்கள் வழக்கறிஞரும் இல்லை, கொம்பனியின் ஆளும் இல்லை. வீதியில் போகிற மற்றவர்களின் பாதுகாப்புக்காக அங்கே இருக்கிறேன்.

அதைக் கேட்டதும் முகம் விழுந்துவிடும். ஆனால் அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சு தொடங்கும். இரவில் எத்தனை மணி நேரம் நித்திரை? கம்மி இல்லாமல் நித்திரை வருகிறதா? வீடு வந்ததும் முதலில் கை போவது எதற்கு? ஊரில், முகாமில், வரும் வழியில் என்ன பார்த்தீர்கள்? கஞ்சாவுக்காக வந்தவரிடம் பேசிக்கொண்டு போனால் ஒவ்வொரு வெள்ளி இரவும் ஒரு போத்தல் விஸ்கி வெளியே வரும். நாள் முழுக்கச் சீட்டில் இருந்து நாரி போய், நோவுக்கு எடுத்த மாத்திரை பழக்கமானது வெளியே வரும். பரிசோதனை, தரவுத்தளம், கடிதம் என்று நடக்கிற இத்தனைக்குள்ளும் "ஏன் எடுக்கிறீர்கள்" என்று ஒரு சாரதியைக் கேட்கிற இடம் இது ஒன்றுதான். அந்த ஒன்றரை மணி நேரத்தை டெஸ்ட் பிழை என்று வாதாடிக் கழிக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

ஒளிக்கிறவருக்கு இலாபமும் இல்லை. ஒன்றும் தேவையில்லை என்று எழுத எனக்கு அதிகாரம் கிடையாது. கல்வி வகுப்போ சிகிச்சையோ ஏதாவது ஒன்றைப் பரிந்துரைத்தே ஆக வேண்டும். அது பிடிக்கவில்லை என்று இன்னொரு எஸ்.ஏ.பி.யிடம் போகவும் முடியாது. அவரின் முடிவைக் கொம்பனி ஏற்கவும் கூடாது. ஒரு எஸ்.ஏ.பி. தன்னுடைய சொந்த கிளினிக்குக்கே உங்களை அனுப்பிக் காசு பார்ப்பதையும், சில விதிவிலக்குகள் தவிர, விதி தடுக்கிறது. அப்படி யாராவது செய்தால் கேள்வி கேளுங்கள்.

சொன்னதைச் செய்து முடித்தபின் திரும்ப வருவீர்கள். நான் திருப்திப்பட்டால், மீண்டும் வேலைக்குச் சேர்வதற்கான பரிசோதனைக்குத் தகுதி என்று பதிவேன். உங்களைத் திரும்ப எடுப்பதா என்பது கொம்பனியின் முடிவு. எடுத்தால் முதல் 12 மாதங்களில் குறைந்தது 6 பரிசோதனைகள், எல்லாம் சொல்லாமல் வருபவை. உங்கள் பாலினத்தைச் சேர்ந்த ஒருவர் நேரில் நின்று பார்ப்பார். கூச்சமாகத்தான் இருக்கும், முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் அதிர்ச்சி குறையும். தேவை என்று நான் நினைத்தால் இது 5 வருடம் வரை நீளலாம். எத்தனை, எப்போது என்ற திட்டம் கொம்பனிக்குப் போகும், உங்களுக்குச் சொல்லப்படாது. வேலை மாறினால் அதுவும் கூடவே வரும்.

இப்போது அந்தக் கிளியரிங்ஹவுஸ் பதிவைப் பற்றி நான் அதிகம் கேள்விப்படுகிற கதைக்கு வருகிறேன். "ஐஞ்சு வருசம் பொறுத்தால் தானாக அழிஞ்சிடும்." அழியாது. வேலைக்குத் திரும்பியபின் வரும் அந்த மேற்பார்வைப் பரிசோதனைகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும், 5 வருடமும் கடந்திருக்க வேண்டும். இரண்டில் எது பிந்தியதோ அதுவரை பதிவு இருக்கும். மதிப்பீட்டுக்கே போகாதவருக்கு அந்தக் கணக்கு முடிவதே இல்லை. தடுக்கப்பட்ட சாரதிகளில் பெரும்பாலானோர் இந்த வழிக்குள் காலே வைக்கவில்லை என்று அமெரிக்க அரசின் அறிக்கைகள் காட்டுகின்றன. எங்கள் ஆட்கள் சிலர் எல்லை தாண்டுவதை விட்டுவிட்டு உள்ளூரில் ஓடுகிறார்கள். ஆனால் பழக்கமும் அவர்களோடு சீட்டில் இருக்கிறது. ஒன்ராறியோவிலும் 2018 ஜூலையிலிருந்து வர்த்தக வாகனம் ஓட்டுகிறவருக்கு மதுவோ கஞ்சாவோ துளியும் இருக்கக்கூடாது.

இன்னும் தவறாதவர்களுக்கு ஒன்று. பல கொம்பனிகளில் தாமாக முன்வந்து சொல்லும் திட்டம் இருக்கிறது. பரிசோதனைக்குக் கூப்பிடும் முன், வண்டி எடுக்கும் முன், "எனக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறது" என்று அந்தத் திட்டத்தின்படி சொன்னால், அது மீறலாகக் கிளியரிங்ஹவுஸில் ஏறாது. சிகிச்சை முடித்துத் திரும்பலாம். விபத்துக்குப் பிறகு சொல்வது வேறு. அல்பேர்ட்டாவில் நிலக்கரிச் சுரங்கத்தில் லோடர் ஓட்டிய ஒருவர் ஓய்வு நாட்களில் கொக்கேன் எடுத்துவந்தார். முன்கூட்டிச் சொன்னால் உதவி என்று கொம்பனியின் கொள்கை இருந்தது. அவர் சொல்லவில்லை. விபத்துக்குப் பிறகு பரிசோதனையில் தவறி வேலை போயிற்று. கனடாவில் போதைக்கு அடிமையாதல் இயலாமையாகக் கருதப்பட்டு மனித உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெறுகிறது. இருந்தும் 2017இல் உச்ச நீதிமன்றம் அந்த வேலைநீக்கம் செல்லும் என்றே தீர்த்தது.

வீட்டில் இருக்கிற மனைவிமாருக்கும் அம்மாமாருக்கும்: அவர் வேலைக்குப் போகாமல் இருந்தால் சண்டைக்குப் போகாமல், "பட்டியல் தந்தவங்களா? ஆரிட்டயாவது கதைச்சனீங்களா?" என்று கேளுங்கள். சொந்த ட்ரக் வைத்து ஓடுகிறவர் என்றால், அவர் பதிந்திருக்கும் பரிசோதனைக் கூட்டமைப்பிடம் பட்டியலைக் கேட்கலாம். இதெல்லாம் வேண்டாம், முதலில் யாரோடாவது பேசினால் போதும் என்றால் கொனெக்ஸ் ஒன்ராறியோ என்ற போதை, மனநல உதவித் தொலைபேசிச் சேவை இருக்கிறது. 24 மணி நேரமும் போன் எடுக்கலாம், இலவசம், மொழிபெயர்ப்பாளரைக் கேட்டும் பேசலாம். நீங்கள் அங்கே பேசியது கொம்பனிக்குப் போகாது.

நன்றி, வணக்கம்.