கேலக்டஸை விரட்டிய கைகள்

மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, தலைமை தாங்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியப் பெருமக்களே, பொன்னாடைக்கு ஒதுக்கிய பணத்தில் சிறுவர் பிரிவுக்குப் பத்திரிகைச் சந்தா கட்டிய பொருளாளர் அவர்களே, மின்சாரம் போனால் ஜெனரேட்டரைப் போட வாசலிலேயே காத்திருக்கும் தம்பி அவர்களே, அனைவருக்கும் வணக்கம். யார் பெயராவது விடுபட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சித்திரக்கதை செய்தவர்களின் பெயர் விடுபடுவதைப் பற்றித்தான் இன்றைய பேச்சே.

கதை, அச்சு, மொழிபெயர்ப்பு என்று மூன்று தலைப்பை அழைப்பிதழில் போட்டுவிட்டார்கள். பார்ப்போம். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். வேற்றுக்கிரகப் படையெடுப்புக் கதைகளில் அந்தச் சுவர் நம் பூமிதான். அது போய்விட்டால் நாயகனும் இல்லை, வில்லனும் இல்லை, அடுத்த மாத இதழும் இல்லை.

அமெரிக்காவில் மார்வெல் நிறுவனம் 1961-இல் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ என்ற, நான்கு அதிசக்தி நாயகர்களின் சித்திரக்கதை இதழைத் தொடங்கியது. கதாசிரியர் ஸ்டான் லீயும் ஓவியர் ஜாக் கிர்பியும் சேர்ந்து செய்தது. 1962 ஜனவரி தேதியிட்ட இரண்டாம் இதழிலேயே படையெடுப்பு வந்துவிட்டது. ஸ்க்ரல் என்ற பச்சைத்தோல் கூட்டம், நினைத்த உருவம் எடுக்கக்கூடியது. நம் நால்வரைப் போலவே வேடம் போட்டு ஊருக்குள் அட்டூழியம் செய்கிறார்கள். ஒருவன் கடலில் நிற்கும் கோபுரத்தைச் சாய்க்கிறான், ஒருத்தி வைரத்தைத் திருடுகிறாள், இன்னொருவன் சிலையை உருக்குகிறான். பழி யார் மேல்? அசல் நால்வர் மேல். ராணுவமே அவர்களைப் பிடித்து அடைக்கிறது. அவர்கள் தப்பி வந்து போலிகளைப் பிடிக்கிறார்கள். ஆனால் வானத்தில் எதிரிகளின் தாய்க்கப்பல் காத்திருக்கிறது. கையில் பீரங்கி இல்லை, படை இல்லை. தலைவர் ரீட் ரிச்சர்ட்ஸ் என்ன செய்தார் தெரியுமா? ஸ்க்ரல் ஒற்றன் போலக் கப்பலுக்குப் போய், “ஐயா, பூமியிடம் இருக்கும் ஆயுதங்களைப் பாருங்கள்” என்று சில படங்களை நீட்டினார். ராட்சதப் பூதங்கள், பயங்கர உயிரினங்கள்! தளபதி பார்த்தான், நடுங்கினான், கப்பலைத் திருப்பு என்று கத்திவிட்டு ஓடியே போனான். அந்தப் படங்கள் எங்கே கிடைத்தன? அதே நிறுவனத்தின் வேறு சித்திரக்கதை இதழ்களிலிருந்து கத்தரித்தவை! (கைதட்டல்) பூமியைக் காப்பாற்றியது காமிக்ஸ் துண்டு. பூமியில் மாட்டிக்கொண்ட ஸ்க்ரல்களை வசியம் செய்து மாடாக மாற்றி மேய விட்டார்கள். அந்த மாடுகள் 1971-இல் ‘அவெஞ்சர்ஸ்’ கதைக்குள் திரும்ப வந்தது தனிக்கதை.

சரி, அந்த முதல் இரண்டு இதழ்களில் கிர்பியின் பென்சில் கோட்டுக்கு மை இட்டது யார்? பெயர் அச்சாகவில்லை. தூரிகையின் போக்கை வைத்து ஜார்ஜ் கிளைன்தான் என்று பிற்காலத்தில் ஆய்வாளர்கள் ஊகித்தார்கள். இன்றைக்கும் ஊகம்தான்.

1966-இல் 48 முதல் 50 வரையான இதழ்களுக்கு வருவோம். கிரகங்களைத் தின்னும் கேலக்டஸ் வருகிறான். கதை 48-இன் பாதியில் தொடங்கி, 50-இன் பாதியிலேயே முடிந்துவிடும். மிச்சப் பக்கங்களில் நால்வரில் ஒருவனான ஜானி கல்லூரிக்குப் போகிறான்! குத்துச்சண்டையால் கேலக்டஸை ஒன்றும் செய்ய முடியாது. முதலில் பார்வையற்ற சிற்பி அலீசியா பேசிப் பேசி, அவனுடைய தூதன் சில்வர் சர்ஃபரின் மனதை மாற்றுகிறாள். பிறகு ‘அல்டிமேட் நல்லிஃபையர்’ என்ற உள்ளங்கை அளவுக் கருவியை ரீட் காட்ட, கேலக்டஸ் பேரம் பேசிக் கிளம்புகிறான். லீயும் கிர்பியும் முன்கூட்டிப் பேசி வைத்த கதையில் அந்தத் தூதன் இல்லவே இல்லை. வரைந்து வந்த பக்கத்தில் பலகை மேல் ஒருவன் பறப்பதைப் பார்த்து, யார் இவன் என்று தானே கேட்டதாக லீ பலமுறை சொல்லியிருக்கிறார். அங்கே வேலை நடந்த முறை அப்படி. முதலில் சுருக்கமான கதைப்பேச்சு, அடுத்து ஓவியர் பக்கம் முழுவதையும் வரைவார், அதன் பிறகுதான் வசனம்.

அன்றைக்கு இதழுக்கு 20 பக்கம் கதை, விலை 12 சென்ட். ஓவியர் வரையும் அட்டையில் படப்பரப்பு ஏறத்தாழ 12-க்கு 18 அங்குலம். அச்சில் அது 6-க்கு 9 அளவுக்குச் சுருங்கும். மெல்லிய கோடு சுருங்கினால் காணாமல் போகும், நெருங்கிய கோடு அடைத்துக்கொள்ளும். ஜோ சின்னாட் போன்ற மைக்காரர் கோட்டின் தடிமனைக் கணக்குப் போட்டுத் தூரிகை பிடித்தது அதற்காகத்தான். சுவர் என்றேனே, அச்சில் சுவர் என்பது மலிவான செய்தித்தாள் காகிதம். மையை உறிஞ்சும், புள்ளி பரவும்.

வண்ணம் இன்னும் சிக்கல். நீலம், சிவப்பு, மஞ்சள் ஒவ்வொன்றுக்கும் 0, 25, 50, 100 சதவீதம் என்று நான்கு நிலை. நான்கை நான்கால் பெருக்கி மீண்டும் நான்கால் பெருக்குங்கள், 64 நிறம். வண்ணக்காரர் சிறிய நகலில் சாயம் பூசி, ஒவ்வொரு இடத்துக்கும் குறி எழுதுவார். அதைப் பார்த்து அச்சுத்தகடு செய்யுமிடத்தில் நிறத்துக்கு மூன்று தாள் வீதம், பக்கத்துக்கு 9 ஒளிபுகும் தாள்களில் கையாலேயே பூசுவார்கள். தகடு மயிரிழை விலகினாலும் முகத்துச் சிவப்பு காதுக்கு வெளியே நிற்கும். சாம்பல் நிறம் தொல்லையிலும் தொல்லை. மூன்று நிறமும் சரிசமமாக விழுந்தால்தான் சாம்பல், ஒன்று கூடினால் பச்சையோ ஊதாவோ அடிக்கும். 1962 மே மாதம் சாம்பலாகப் பிறந்த ஹல்க் என்ற ராட்சத நாயகன் இரண்டாம் இதழிலேயே பச்சையானது இதனால்தான். கேலக்டஸும் 48-இல் ஒரு நிறம், 49-இல் வேறு நிறம்.

அக்காலத்து இதழ்கள் பெரும்பாலானவற்றுக்கு வண்ணம் தீட்டியவர் ஸ்டான் கோல்ட்பர்க். முதல் பக்கப் பெயர்ப்பெட்டியில் கதாசிரியர், ஓவியர், மைக்காரர், எழுத்து வரைந்தவர் எல்லாரும் உண்டு, அவர் மட்டும் இல்லை. கிர்பியோ தன் மூலப் பக்கங்களைத் திரும்பக் கேட்டு வருடக்கணக்கில் போராடினார். 1987-இல் கிடைத்தது சுமார் 1,900 பக்கம். வரைந்தது அதைப்போலப் பல மடங்கு. சித்திரம் எழுதியவனுக்கே சுவர் சொந்தமில்லை!

நூலக அலுவலர் அவர்கள் இங்கே இருப்பதால் கேட்டுவிடுகிறேன். சித்திரக்கதை வாங்கும் நூலகங்கள், வாங்குவதே பெரிய காரியம், பதிவேட்டில் ‘ஆசிரியர்’ என்று ஒரே கட்டம் வைத்திருக்கின்றன. அதில் கதாசிரியர் பெயர் மட்டும் ஏறும். எங்கள் கோரிக்கை ஐந்து கட்டம்: கதை, பென்சில், மை, எழுத்து, வண்ணம். தமிழ்ப் பதிப்பென்றால் மொழிபெயர்ப்பாளருக்கு ஆறாவது. மொழிபெயர்ப்பைப் பற்றித் தனியாகப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன், தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பார்த்துப் பெயர்களை நிரப்பலாம். பெயர் இல்லாவிட்டால் கட்டத்தை வெறுமையாக விடுங்கள், கோடு போட்டு அடிக்காதீர்கள், பின்னால் கண்டுபிடித்து எழுத இடம் வேண்டும். மனு வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டியிருக்கிறோம். வணக்கம்.