லேடி கேனிங்கும் லேடிகேனியும்

வணக்கம். கல்கத்தாவில் ஒரு கல்யாணச் சாப்பாட்டில் என் தட்டில் குலாப் ஜாமூன் வைத்தார்கள். நான் அப்படித்தான் நினைத்தேன். பரிமாறியவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "இது லேடிகேனி!" பாலைத் திரித்து, தண்ணீரை வடித்து, உருட்டிச் சிவக்கப் பொரித்துப் பாகில் ஊறப்போடுகிறார்கள். லேடி கேனிங் என்ற பெயர் வங்காளிகள் வாயில் தேய்ந்து தேய்ந்து லேடிகேனி ஆகிவிட்டது. அந்த அம்மாவின் பிறந்தநாளுக்குச் செய்தது என்று ஒரு கதை, இந்தியாவுக்கு வந்ததற்காகச் செய்தது என்று இன்னொரு கதை. எது நிஜமோ, நான் மூன்று சாப்பிட்டேன்.

யார் இந்த அம்மா? பெயர் சார்லட். 1856இல் கவர்னர் ஜெனரலாக வந்த கேனிங் பிரபுவின் மனைவி. 1858இல் கம்பெனி போய் ராணி ஆட்சி வந்ததும், அதே கேனிங் முதல் வைஸ்ராய் ஆனார். அம்மாவுக்குப் பதவியும் இல்லை, சம்பளமும் இல்லை. விருந்து, வரவேற்பு, வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்த முகம், அதுதான் வேலை.

ஆனால் ஒரு விஷயத்தை நாம் கவனிக்க மாட்டோம். இந்தியா வருவதற்கு முன்னால் பத்து வருஷத்துக்கு மேல் விக்டோரியா ராணியின் அரண்மனையில் தோழியாக இருந்தவர் இவர். அதனால் 1857 கலகத்தின்போது, அதிகாரிகளின் அறிக்கைகள் ஒரு பக்கம் போக, இவருடைய கடிதங்களும் ராணிக்கு நேராகப் போயின. பதவி இல்லாதவர்தான், மறுபடியும் சொல்கிறேன், ஆனால் ராணி படிக்கிற கடிதம் இவருடையது!

மீதி நேரத்தில் படம் வரைந்தார். பூக்கள், மரங்கள், மலைகள், எல்லாம் நீர்வண்ணம். 1858இல் நம் நீலகிரிக்கும் வந்தார், ஊட்டி, குன்னூர் எல்லாம் பார்த்தார். 1861இல் டார்ஜிலிங் போய்த் திரும்பும் வழியில் காட்டுக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. இங்கிலாந்துக்குத் திரும்பும் நாள் நெருங்கியிருந்த சமயம். நவம்பர் 18ஆம் தேதி போய்விட்டார், வயது 44. ஹூக்ளி ஆற்றங்கரையில், பாரக்பூரில் அடக்கம் செய்தார்கள். கேனிங் தனியாக ஊர் திரும்பி, அடுத்த ஜூனில் அவரும் இறந்தார்.

அப்புறம் லேடி டஃப்ரின், பின்னால் வந்த ஒரு வைஸ்ராயின் மனைவி... ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாக. ஆண் டாக்டரிடம் போக முடியாத பெண்களுக்காக, பெண் டாக்டர்களை உருவாக்க 1885இல் நிதி திரட்ட ஆரம்பித்தவர் அவர். வடக்கே பல ஊர்களில் டஃப்ரின் ஆஸ்பத்திரி என்றால் இன்றும் பிரசவ ஆஸ்பத்திரிதான். உண்மையில் அதைச் சொல்லத்தான் வந்தேன், நேரத்தை லேடிகேனி சாப்பிட்டுவிட்டது. வணக்கம்.