கோப்பு அட்டையும் மறைபொருளும்: கபிரியேல் மார்செல்

அன்பர்களே,

பிரெஞ்சுத் தத்துவவாதி கபிரியேல் மார்செல் என்றதும் ‘கிறிஸ்தவ இருத்தலியலாளர்’ என்று சீட்டு ஒட்டிவிடுகிறோம். இருத்தலியல் என்பது தனி மனிதன் வாழ்ந்து அனுபவிக்கும் இருப்பிலிருந்து தொடங்கும் தத்துவம். அந்தச் சீட்டைப் பிரபலமாக்கியவர் இன்னொரு பிரெஞ்சுத் தத்துவவாதியான சார்த்ர். 1945 அக்டோபரில் பாரிஸில் ஆற்றிய உரையில் இருத்தலியலாளரைக் கிறிஸ்தவர், நாத்திகர் என்று இரண்டு கட்சியாகப் பிரித்து, கிறிஸ்தவர் பக்கம் ஜெர்மன் தத்துவவாதி யாஸ்பர்ஸையும் மார்செலையும் உட்கார வைத்தார். மார்செல் கொஞ்ச காலம் பொறுத்துக்கொண்டார், பிறகு உதறிவிட்டார். வேண்டுமானால் நவ சாக்ரடீசியர், அதாவது சாக்ரடீஸைப் போலக் கேள்வி கேட்டுத் தேடுகிறவர், என்று சொல்லுங்கள் என்றார். அவர் பேச்சில் நியாயம் உண்டு. தம் தத்துவ நாட்குறிப்பை அவர் 1914இல் தொடங்கிவிட்டார்; அது அச்சேறியது 1927இல். கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்றது 1929 மார்ச் 23. சிந்தனை முந்தி, திருச்சபை பிந்தி.

அந்த நாட்குறிப்புக் காலத்தில் அவர் பார்த்த வேலையைக் கவனியுங்கள். முதல் உலகப் போர். உடல்நிலை காரணமாகப் போர்முனைக்குப் போகாதவர், செஞ்சிலுவைச் சங்கத்தில் காணாமற்போன வீரர்களைத் தேடும் பிரிவில் இருந்தார். ஆளுக்கு ஒரு அட்டை. அதில் ஏறுவது பெயர், படைப்பிரிவு போன்ற விவரங்கள்தாம். ஆனால் அந்த அட்டைக்கு எதிரே ஒரு தாயோ மனைவியோ வந்து நிற்கிறாள். அட்டை கேட்பது ‘எங்கே, எப்போது?’ அவள் கேட்பது அது மட்டுமா?

‘சிக்கல்’ வேறு, ‘மறைபொருள்’ வேறு என்று மார்செல் பிற்பாடு பிரித்ததற்கு வேர் இங்கே இருக்கிறது. சிக்கல் என்பது என் எதிரே கிடப்பது. சுற்றிவந்து பார்க்கலாம், தீர்க்கலாம், தீர்ந்ததும் மூடி வைக்கலாம். மறைபொருளில் கேட்கிற நானே கேள்விக்குள் மாட்டியிருக்கிறேன். வாசகர் பலர் வழுக்குவது இந்த இடத்தில்தான்: மறைபொருள் என்றால் இன்னும் விடை கிடைக்காத சிக்கல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவருடைய பிரெஞ்சுச் சொல் ‘மிஸ்தேர்’; அதை ‘மர்மம்’ என்று மொழிபெயர்த்தால் கதை கெட்டது, துப்பறியும் நாவல் வாசனை வந்துவிடும். கத்தோலிக்கர் செபமாலை செபத்தில் சொல்லும் ‘மறையுண்மை’தான் நெருங்கி வருகிறது.

இன்னொரு தொல்லை, 1935இல் வந்த நூலின் தலைப்பு: ‘இருத்தலும் உடைமையும்’. பிரெஞ்சில் இரண்டுக்கும் தனித்தனி வினைச்சொல். நமக்கோ ‘நான் இருக்கிறேன்’, ‘என்னிடம் பணம் இருக்கிறது’ இரண்டுக்கும் ஒரே ‘இரு’. அவர் பிரித்துக் காட்டுவதைத் தமிழ் இலக்கணம் ஒட்டவைத்துவிடுகிறது. உதாரணம் சொல்லாமல் விளங்காது.

அவரே தரும் உதாரணம் உடல். என் உடல் ஒரு கருவி என்று வைத்துக்கொள்வோம். சுத்தியலைப் பிடிக்கக் கை வேண்டும். கருவி என்பதே உடலின் ஆற்றலை நீட்டித் தருவது. உடலும் கருவியானால் அதைக் கையாள இன்னொரு உடல் வேண்டும், அதற்கு இன்னொன்று. கணக்கு முடியாது. ஆகவே உடலை நான் ‘வைத்திருக்கவில்லை’. இதை அவர் இரண்டு படியாகச் செய்கிறார். முதற்சிந்தனை உடலை என்னிடமிருந்து பிரித்துப் பொருளாக்குகிறது. மருத்துவருக்கு அது தேவை, தவறில்லை. இரண்டாம் சிந்தனை அந்தப் பிரிப்பையே விசாரித்து, அறுந்த ஒருமையை மீட்கிறது. முதற்படியைத் தாண்டிக் குதிக்கலாம் என்பவர்கள் வெறும் உணர்ச்சியில் போய் விழுகிறார்கள். மார்செல் பகுத்தறிவின் எதிரி என்ற புகார் இந்த அவசர வாசிப்பால் வந்தது.

கத்தோலிக்க உலகில் அப்போது கோலோச்சியது தோமாவியம், அதாவது இடைக்காலப் புனிதர் தோமா அக்குவினாஸின் தத்துவம். கத்தோலிக்கரான பிறகு மார்செல், தோமாவியத் தத்துவவாதி மரித்தேனோடு அமர்ந்து அதைக் கற்றுக்கொள்ள முயன்றார், ஒட்டவில்லை. 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் ‘ஹுமானி ஜெனரிஸ்’ சுற்றுமடலில் இருத்தலியலைக் கண்டித்தார். அதே 1949–50இல் மார்செல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில், சமயத் தத்துவத்துக்குப் பேர்போன கிஃபோர்ட் சொற்பொழிவுகளை ஆற்றினார். கடவுள் உண்டென்று நிறுவும் வாதங்களை நம்பி அவர் போகவில்லை. நோயுற்ற நண்பனுக்கு ‘மறுபடி வருகிறேன்’ என்று வாக்களித்தவன், மறுநாள் மனம் வராதபோது என்ன செய்வது என்ற கேள்வி அவருக்குப் போதும். நாளைய உணர்ச்சிக்கு இன்று நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனாலும் வாக்கு என்னைக் கட்டுகிறது. எதன் பேரில் கட்டுகிறது? இந்த இழையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் கடவுள்வரை போகிறார்.