மேட்டூர்க் கணக்கும் கடைமடைக் கணக்கும்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் காமிக்ஸ் அன்பர்களே, மன்னார்குடியிலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் பேருந்து பிடித்துக் கும்பகோணம் வந்து இந்த அரங்கை நிறைத்திருக்கும் வாசகர்களே, அனைவருக்கும் வணக்கம். ‘சித்திரக்கதைத் தொடர்களை வாழவைப்பது விற்பனை எண்ணிக்கையா, வாசகர் பற்றா?’ என்ற தலைப்பில், வாசகர் பற்றே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், “பற்று அச்சுக்கூலி கொடுக்காது, எண் விழுந்தால் தொடரும் விழும்” என்றார். அவர் சொன்ன செலவுக் கணக்கை நான் மறுக்கவில்லை. மொழிபெயர்ப்பு, எழுத்துக்கோப்பு, அச்சுக்கு முந்தைய பணிகள் ஆகியவற்றின் செலவு 1,000 பிரதிகளுக்கும் 10,000 பிரதிகளுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால், பிரதிகள் குறையக் குறைய ஒவ்வொரு பிரதியின் தலையிலும் சுமை ஏறத்தான் செய்யும். ஆனால் ‘எண்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்ட நண்பர், அந்த எண் எந்த இடத்தில் நின்று எண்ணப்பட்டது என்பதைச் சொல்லவில்லை. என் வாதம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் இத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள் என்று செய்தி வரும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து போகும் அந்தத் தண்ணீருக்காகக் கடைமடை விவசாயி நாள்கணக்கில் வரப்பில் காத்து நிற்பார். அணையில் திறந்த கணக்கு பொய்யன்று. ஆயினும் அதை வைத்து அவருடைய வயல் நனைந்ததா என்று சொல்ல முடியாது.

எதிரணியினர் எடுத்துக்காட்டிய அமெரிக்க மாதாந்திர விற்பனைப் பட்டியல் அத்தகைய மேட்டூர்க் கணக்கு. 1970களில் அங்கே வேரூன்றிய முறைப்படி, காமிக்ஸ் கடைக்காரர் இதழ் வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்பே தமக்கு வேண்டிய பிரதிகளைச் சொல்லிவிட வேண்டும்; விற்காமல் தங்கியவற்றைப் பொதுவாகத் திருப்பி அனுப்ப முடியாது. பட்டியலில் நெடுங்காலம் ஏறிவந்தது விநியோகஸ்தர் கடைகளுக்கு அனுப்பிய எண்ணிக்கை. நட்டத்துக்கு அஞ்சும் கடைக்காரர் புதிய தொடருக்குக் குறைவாகவே கேட்பார். அந்தக் குறைந்த எண்ணைப் பார்த்துப் பதிப்பகம் தொடரை நிறுத்தும். தேடி வந்து புத்தகம் கிடைக்காமல் திரும்பிய வாசகருடைய விருப்பம் எந்தப் பட்டியலிலும் ஏறாது.

கணக்கு தாமதமாக வந்து சேர்வதும் உண்டு. ஸ்பைடர்மேன் முதன்முதலில் தோன்றியது 1962இல், நிறுத்தப்படவிருந்த ஓர் இதழின் கடைசி வெளியீட்டில். அதன் விற்பனை விவரம் பின்னர் கைக்கு வந்தபோதுதான் வாசகர்கள் அவனை எப்படி வரவேற்றிருந்தார்கள் என்பது மார்வல் பதிப்பகத்துக்குத் தெரிந்தது. 1963இல் அவனுக்கென்றே தனி இதழ் பிறந்தது.

அதே மார்வலின் எக்ஸ்-மென் என்ற சாகச நாயகர் குழுத் தொடரின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல நடுவர் அனுமதிக்க வேண்டும். 1963இல் தொடங்கிய அத்தொடரில், விற்பனை போதவில்லை என்று 1970இல் 66ஆவது இதழோடு புதிய கதைகளை நிறுத்தினார்கள்; அதன்பின் 1975 வரை பழைய கதைகளே மறுபதிப்பாக வந்தன. 1975இல் புதிய நாயகர்களோடு மீண்டும் எழுதப்பட்ட அதே தொடர், பின்னாளில் அந்தப் பதிப்பகத்தின் பெருந்தூணாயிற்று. 1991இல் எக்ஸ்-மென் பெயரில் வந்த ஒரு முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளைக் கடந்தது. எதிரணியினர் கொண்டாடும் எண் இதுதான். ஆனால் அவ்விதழ் ஐந்து வெவ்வேறு அட்டைகளோடு வந்ததையும், நாளை விலை ஏறும் என்று நம்பி ஒருவரே பல பிரதிகளை வாங்கிப் பிரிக்காமல் பூட்டி வைத்ததையும் அவர்கள் சொல்லவில்லை. அப்படி வாங்கியவர்கள் விலகியதும் கடைகள் வரிசையாக மூடின. 1996 டிசம்பரில் மார்வல் நிறுவனமே திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் சென்றது. அதே நிறுவனம் 1998இல் தொடங்கிய ஸ்பைடர்-கேர்ள் தொடர், பலமுறை நிறுத்தப்படும் நிலைக்குப் போயும், வாசகர்கள் விடாமல் குரல் கொடுத்ததால் 100 இதழ்களைத் தொட்டது.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். இரும்புக்கை மாயாவி என்ற சித்திரக்கதை நாயகனை ஈன்றது இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழ். அவ்விதழ் 1976இல் வேறோர் இதழோடு இணைக்கப்பட்டு மறைந்தது. ஆனால் 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் அவனைக் கொண்டே தன் முதல் இதழை வெளியிட்டது. பிறந்த நாட்டில் அவனைத் தாங்கிய இதழ் போன பிறகும் தமிழில் அவன் மறுபதிப்புகளாக வந்துகொண்டே இருந்தான். லண்டன் கணக்கேடு எதுவும் இதற்குக் காரணம் சொல்லாது.

எனக்குத் தெரிந்த காரணத்தைச் சொல்கிறேன். நான் திருவாரூரில் படித்த நாளில், தெற்கு வீதியை ஒட்டிய சந்தில் ஒரு வாடகை நூல்நிலையம் இருந்தது. நாளொன்றுக்கு 50 காசு. அங்கிருந்த மாயாவி கதை ஒன்றின் பின்னட்டையில் ஒட்டியிருந்த தாளில், நான் எடுத்துச் சென்ற அன்று அதை வாடகைக்கு எடுத்தவர்களின் 61 தேதிகள் இருந்தன. எண்ணிப் பார்த்தது இன்றும் நினைவிருக்கிறது. பதிப்பகத்தின் ஏட்டில் அந்தப் புத்தகம் விற்ற எண்ணிக்கை ஒன்று. அந்தத் தாளில் தேதியாக இருந்தவர்களில் சிலர் பின்னர் வேலைக்குப் போய், சொந்தக் காசில் வாங்கத் தொடங்கினார்கள். இதழ்கள் அரிதாகிப்போன காலத்துக்குப் பின், 2012 ஜனவரியில் முத்து காமிக்ஸின் சகோதர வெளியீடான லயன் காமிக்ஸ் மீண்டு வந்தபோது, இதழைப் பார்ப்பதற்கு முன்பே ஆண்டுச் சந்தா கட்டக் காத்திருந்தவர்கள் அவர்களைப் போன்றவர்களே. சந்தா என்பது முன்கூட்டியே பணமாகக் கட்டப்பட்ட பற்று. அச்சுக்கூலி கொடுப்பது எது என்று கேட்ட நண்பருக்கு என் பதில் அதுவே.

எதிரணித் தலைவர் இறுதியாக ஒன்று கேட்டார்: “இந்தப் பற்று உங்கள் தலைமுறையோடு முடிந்துவிட்டால்?” நியாயமான கேள்வி, என்னையும் தூங்கவிடாத கேள்வி. என் அண்ணன் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். கூரியரில் வரும் லக்கி லூக் காமிக்ஸ் இதழை என்னைப் பிரிக்கவிடாமல் அவளே பிரிப்பாள். சென்ற மாதம் பள்ளிக்கு எடுத்துச் சென்ற இதழ் மூலைகள் மடங்கித் திரும்பி வந்தது. ஐந்து பிள்ளைகள் படித்திருந்தார்கள். அவர்களில் இருவருடைய தந்தையர் சந்தா கட்டும் முகவரியை என்னிடம் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அந்த இரண்டு சந்தாக்களும் அடுத்த ஆண்டின் விற்பனைக் கணக்கில்தான் ஏறும். நடுவர் அவர்கள் தீர்ப்பெழுதும்போது, எண் முன்னே வந்ததா, படித்த பிள்ளைகள் முன்னே வந்தார்களா என்பதைக் கருத்தில் கொள்ளுமாறு வேண்டி அமர்கிறேன். வணக்கம்.