20 பேர்ச்சும் ரெண்டு பொடுசுங்களும்

வணக்கம் நேயர்களே. சின்னப் பிள்ளைங்கள வச்சிக்கிட்டு மரக்கறி, கோழின்னு எப்படி சமாளிக்கிறீங்க, அதப் பத்தி வந்து பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. நான் விவசாய ஆபீசர் எல்லாம் இல்லைங்க, ஸ்கூல்ல கணக்கு படிச்சுக் குடுக்கிற டீச்சர். அதனால கணக்குலயே ஆரம்பிக்கிறேன், பயப்படாதீங்க, சின்ன கணக்குதான்.

ஒரு பேர்ச்னா 272 சதுர அடியும் கொஞ்சமும். இப்ப லயத்துலயிருந்து, அதான் தோட்டத்து வரிசை வீட்டுலயிருந்து, தனி வீட்டுக்குப் போற நம்ம மலையக ஆளுங்க நெறைய பேருக்கு 7 பேர்ச் காணின்னு குடுத்தாங்கல்ல, அது 1900 சதுர அடி சொச்சம். அதுல 550 சதுர அடி வீடு போயிடும். மிச்சத்துல பாதை, கக்கூஸ் குழி, துணி காயப்போட, திரீவீல் நிப்பாட்ட அப்படின்னு எல்லாம் கழிச்சாலும் ஆயிரம் சதுர அடிக்கு கிட்ட நிக்கும். அந்த ஆயிரம் அடில ஒரு குடும்பத்துக்கு கீரையும் போஞ்சியும் முட்டையும் தாராளமா வரும், நான் சும்மா சொல்லல. எங்களுக்கு அப்புத்தளை பக்கம் 20 பேர்ச் இருக்கு, மாமியாரோட சேமலாப நிதிக் காசும் வீட்டுக்காரர் சேத்து வச்சதும் போட்டு வாங்கினது, ஆனா அதுலயும் பாதிக்கு மேல சரிவு, மனுசன் நிக்கவே சறுக்கும், அதனால நாங்க நடுறதும் ஏறக்குறைய நீங்க நடுற அளவுதான்.

நம்மாளுங்க இந்த மலைக்கு வந்து 200 வருஷம்னு 2023ல தலைமன்னார்லயிருந்து மாத்தளை வரைக்கும் நடந்து வந்தாங்க, ஞாபகம் இருக்கும். அத்தன வருஷம் அடுத்தவன் தேயிலைக்கு மண்ணக் கிளறி முள்ளு குத்தி கவ்வாத்து வெட்டினவங்க கைக்கு சொந்தமா ஒரு துண்டு நெலம் வந்தா என்ன செய்வாங்க, ஒரு சாண் விடாம நடுவாங்க. அதுல தப்பே சொல்ல மாட்டேன். ஆனா வீட்ல நாலு வயசு அஞ்சு வயசு பிள்ளை இருக்கிறவங்களுக்கு நான் சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணுதான்: அந்தத் தோட்டம் எவ்வளவு பெருசா இருக்கணும், அதுல என்ன இருக்கணும்ங்கிறத வீட்ல இருக்கிறதுலயே சின்னத வச்சுத்தான் முடிவு பண்ணணும். கெப்பெட்டிபொல மரக்கறிச் சந்தை வெலைய வச்சு இல்ல.

எங்க வீட்ல இது பெரிய சண்டையாவே வந்திச்சு. மாமியாருக்கு மாடு வேணும். அவங்க லயத்துல இருக்கிறப்பவே மாடு வச்சிருந்தவங்க, மாடு இல்லாத வீடு ஒரு வீடான்னு கேட்டாங்க. நான் கணக்கு போட்டு காட்டினேன். 400 கிலோ மாடுன்னா ஒரு நாளைக்கு 40 கிலோ பச்சப் புல்லு வேணும், பொங்கலோ தீவாளியோ பிள்ளைக்கு காய்ச்சலோ, மாட்டுக்கு லீவு கெடையாது. அந்தப் புல்லக் கட்டி தலையில தூக்கிட்டு வரப்போறது யாரு? வீட்டுக்காரர் காலையில பஸ் ஏறினா இருட்டினப்பறம்தான் வருவார், மாமியாருக்கு மொழங்கால் வலி. அப்ப நான்தான். நான் புல்லு வெட்டப் போனா பொடுசு ரெண்டையும் யாரு பாப்பா? மாடு வளக்கிறது லாபமா நட்டமான்னு பேசுறவங்க யாரும் இந்த கேள்விய கேக்கிறதே இல்ல பாருங்க, ஏன்னா பேசுறவங்க அனேகமா ஆம்பளைங்க. மாடு வேணாம், கோழின்னு முடிவாச்சு. மாமியார் ஒரு வாரம் மொகத்த தூக்கி வச்சிக்கிட்டு இருந்தாங்க, அப்புறம் அவங்களே கோழிக்கு கூடு எங்க வைக்கணும்னு சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க.

மாட்டப் பத்தி பேசறப்ப இதையும் சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. நம்ம பக்கம் மாடு வச்சிருக்கிற எத்தனையோ வீட்ல காலையில கறக்கிற பால் பூராவும் பால் லொறிக்குப் போயிடும், வீட்ல பிள்ளை குடிக்கிறது பிளேன்டீ. காசுக் கஷ்டம், வெளங்குது. 2022ல பால்மா பெக்கட் ஆயிரம் ரூபாயத் தாண்டினத நாம யாரும் மறக்கல. ஆனா 2016 குடித்தொகை சுகாதார ஆய்வுல என்ன சொன்னாங்கன்னா, நாடு முழுக்க அஞ்சு வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்கள்ல நூத்துக்கு 17 பேரு வயசுக்கேத்த உயரம் இல்ல, தோட்டப்புறத்துல மட்டும் பாத்தா நூத்துக்கு 32. மூணுல ஒண்ணு, அதாவது கிளினிக் வரிசைல நிக்கிற மூணு பிள்ளைல ஒண்ணு. பால் கறக்கிற கையும் மரக்கறி நடுற கையும் இருக்கிற எடத்துல இந்த கணக்கு வருதுங்கிறத என்னால ஏத்துக்கவே ஏலாது. அதனால எங்க வீட்ல சட்டம் என்னன்னா கூட்டுலயிருந்து எடுக்கிற மொத ரெண்டு முட்டை பிள்ளைங்களுக்கு, அதுக்கப்புறம் மாமியாருக்கு, அதுக்கு மேல இருந்தாத்தான் கடைக்கு. பால் பக்கத்து வீட்ல வாங்குறோம், பொங்க வச்சுத்தான் குடுக்கிறது, பச்சப் பால் நல்லதுன்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க.

கோழி விஷயத்துக்கு வாரேன், பிள்ளைங்களுக்கு பிடிச்சதே அதுதான். ஒரு ஊர்க்கோழிய அடை வச்சா 21 நாள். 21 நாள் பொறுத்திருக்கிறது ஏழு வயசுக்கே கஷ்டம், நாலு வயசுக்கு கேக்கவே வேணாம். அதுக்கு நடுவுல ஒண்ணு செய்யலாம், ஏழாவது எட்டாவது நாள் ராத்திரி முட்டைய மெதுவா எடுத்து இருட்டுல ஃபோன் டோர்ச்ச கீழ புடிச்சுப் பாருங்க, கரு புடிச்ச முட்டையில செவப்பு நூல் மாதிரி ரத்தக்குழாய் கிளை விட்டு ஓடுறது தெரியும், ஒண்ணுமே தெரியாம வெளிச்சமா இருந்தா அது கூமுட்டை, எடுத்துரலாம். எங்க மக அதப் பாத்துட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல, அப்புறம் கேட்டா, "அம்மா, நாங்களும் இப்படித்தான் இருந்தமா, அப்பாவும் டோர்ச் அடிச்சுப் பாத்தாரா?" ன்னு. வீட்டுக்காரர் அந்தப் பக்கமா எந்திரிச்சு போயிட்டார், பதில் சொல்ற வேலை எனக்கு.

குஞ்சு வந்தா மொத வாரம் 32லயிருந்து 35 பாகை சூடு வேணும், நம்ம பக்கத்து குளிருக்கு தாய்க்கோழி இல்லாம வாங்கிட்டு வார குஞ்சுன்னா பல்ப் போட்டே ஆகணும், கரண்ட் போனா என்ன செய்யிறதுன்னு முன்னாடியே யோசிச்சு வைங்க. குஞ்ச பிள்ளைங்க கையில எடுக்கட்டும், ஆனா முத்தம் குடுக்க விடாதீங்க, தொட்ட கைய சவுக்காரம் போட்டு கழுவணும், கோழிக்கிட்ட சல்மனெல்லான்னு ஒரு கிருமி இருக்கு, பாக்க கோழி நல்லாத்தான் இருக்கும், பிள்ளைக்குத்தான் வயித்தால போகும்.

அப்புறம் அந்த பேர் வைக்கிற பிரச்சினை. பிள்ளைங்க கண்ணுல பட்ட கோழிக்கெல்லாம் பேர் வச்சிரும். சேவல் வளந்து ஒண்ண ஒண்ணு கொத்த ஆரம்பிக்கும், தீவாளி கிட்ட வரும், அப்பாயி, அதான் என் மாமியார், கத்திய தீட்டும். நான் இதுல பொய் சொல்லக் கூடாதுன்னு நெனைக்கிற ஆளு, சேவல் பறந்து காட்டுக்கு போயிடுச்சு, மாமா வீட்டுக்கு போயிடுச்சுன்னு சொல்ற கதை எல்லாம் எங்க வீட்ல கெடையாது. முட்டை போடுற பொட்டைக்கு பேர் வைக்கலாம், பேர் வச்சது சட்டிக்கு வராது, சேவலுக்கு பேர் வைக்கிறதில்ல, அது கறிக்குன்னு மொதல்லயே சொல்லியாச்சு. மகன் அத கேட்டுட்டு சாப்பிடுறான். மக ரெண்டு தீவாளியா கோழிக்கறி தொடல, பருப்பும் அப்பளமும் போதும்ங்கிறா, நாங்களும் வற்புறுத்துறதில்ல. மாமியாருக்குத்தான் அதுல வருத்தம்.

மரக்கறில பிள்ளைங்களுக்கு எது சரின்னா, சீக்கிரம் வாரது. முள்ளங்கி 40, 45 நாள்ல புடுங்கலாம். போஞ்சி ஒரு வாரம் பத்து நாள்ல மொளைச்சு தலைய காட்டும், ரெண்டு மாசத்துல காய். கரட் அப்படி இல்ல, மூணு மாசம் மண்ணுக்குள்ள என்ன நடக்குதுன்னே தெரியாது, அதனால மகன் தினம் ஒண்ண புடுங்கிப் பாத்துட்டு திரும்ப நட்டு வைப்பான். கரட்ட அப்படி புடுங்கி நட்டா வேர் ரெண்டா மூணா பிரிஞ்சு கோணல் மாணலாத்தான் வரும், சந்தைல யாரும் தொட மாட்டான், எங்க வீட்ல அதுக்குத்தான் அடிபிடி, கால் மொளைச்ச கரட் யாருக்குன்னு. அவனுக்குன்னே வேலியோரமா ஒரு பாத்தி ஒதுக்கியாச்சு, அங்க அவன் துரை, என்ன வேணா செய்யலாம். உருளக்கிழங்கு தோண்டுற அன்னிக்கு ரெண்டையும் மண்ணுல விட்டுருங்க, வேற வெளையாட்டுச் சாமானே வேணாம். பச்சையா போன கிழங்க மட்டும் தனியா பொறுக்கி வீசச் சொல்லிக் குடுங்க, அதுல வெசம் இருக்கு.

கோழி எச்சத்த அப்படியே பச்சையா பாத்திக்கு போடாதீங்க, வேர் கருகும், கிருமியும் இருக்கும், நம்ம பிள்ளைங்க கரட்ட கவுன்ல தொடச்சிட்டு அப்படியே கடிக்கிற ரகம். எல தழையோட சேத்து குவிச்சு நல்லா மக்க விட்டுப் போடணும். 2021 ஏப்ரல்ல ரசாயன உரத்த ஒரேயடியா நிப்பாட்டி அந்த நவம்பர்லயே திரும்பவும் விட்டாங்களே, அந்த கூத்துல விவசாயி பட்ட பாட்டப் பத்தி தனியா ஒரு நாள் பேசணும், எங்களுக்கு அதுல மிஞ்சினது இந்த குப்பை உரம் மட்டும்தான்.

வேலை வாங்குறதப் பத்தி. மாமியார் பத்து வயசுல தோட்டத்துல வேலைக்குப் பேர் பதிஞ்சவங்க. பெரியவங்க கூட மலைக்குப் போயி கொழுந்து எடுத்து, கூடை கனத்துல நடக்க ஏலாம அழுத கதைய சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க, எனக்குத்தான் சிரிப்பு வராது. இப்ப 2021லயிருந்து வேலைக்கு ஆள் எடுக்கிற வயசு 16ன்னு சட்டம் இருக்கு. அது வேலைத்தளத்துக்கு, வீட்டுத் தோட்டத்துக்கு யாரும் வந்து பாக்கப் போறதில்ல, அதனால நாமதான் பாத்துக்கணும். மக முட்டை எடுப்பா, கோழிக்கு தண்ணி மாத்துவா. மகன் கூட வருவான், அவ்வளவுதான் அவன் வேலை. ஹோம்வேர்க் இருந்தா அது மொதல்ல. தண்ணி தூக்கிறது, மம்பட்டி புடிக்கிறது எல்லாம் எங்க வேலை. "சின்னதுல பழக்கினாத்தான் வரும்"னு அக்கம்பக்கத்துல சொல்றாங்க, வரலைன்னா என்ன இப்ப, வராமலே போகட்டுமே, ஆசைப்பட்டா பெரிசானப்பறம் பழகிக்கும்.

இனி பயப்பட வேண்டியது. மருந்து அடிக்கிறவங்களுக்கு கும்பிட்டு சொல்றேன், மிச்சம் மருந்த சோடா போத்தல்ல ஊத்தி வைக்காதீங்க. பரகுவாட், டைமெத்தோயேட், ஃபென்தியோன்னு களைக்கும் பூச்சிக்கும் அடிச்ச மூணு மருந்தையும் 2008லயிருந்து 2011க்குள்ள படிப்படியா இந்த நாட்டுல தடை செஞ்சாங்க, அதனால எத்தனையோ உசுரு தப்பிச்சிச்சு, ஆனா இப்ப விக்கிறது ஒண்ணும் இளநி இல்ல, பூட்டுப் போட்ட பெட்டிக்குள்ள, வீட்டுக்கு வெளிய வைங்க. மழைத்தண்ணி புடிக்கிற பெரலுக்கு மூடி போடுங்க, தவழுற பிள்ளைக்கு வாளில அரை அடி தண்ணியே போதும் ஆபத்துக்கு. காட்டுப்பன்னிக்கு கம்பி சுருக்கு வைக்காதீங்க, அதுல சிறுத்தை மாட்டிச் செத்ததெல்லாம் நம்ம தோட்டங்கள்லயே நடந்திருக்கு, பிள்ளையோட காலும் அதே உயரத்துலதான் போகுது. அட்டை கடிச்சா ஒண்ணும் இல்ல, கொஞ்சம் ரத்தம் போகும், ஆனா குளவிக்கூடு இருந்தா அந்தப் பக்கமே விடாதீங்க. செருப்பு போடச் சொல்லுங்க, கொக்கிப்புழு வெறுங்கால் வழியாத்தான் ஏறுது.

மழை. ஊவாப் பக்கம் இருக்கிற எங்களுக்கு ஐப்பசி கார்த்திகை வந்தா நெஞ்சு படபடக்கும். 2014 ஒக்டோபர் 29 காலையில கொஸ்லந்த மீரியபெத்தையில மலை சரிஞ்சு லயங்கள மூடினத பாத்தவங்க நாங்க, ஸ்கூலுக்கு கெளம்பிப் போன பிள்ளைங்க தப்பிச்சு, திரும்பி வந்தப்ப வீடும் இல்ல பெத்தவங்களும் இல்ல. அதனால கோழிக்கூடு கட்ட எடம் வேணும்னு வீட்டுக்குப் பின்னால மண்மேட்ட வெட்டாதீங்க, மழைத்தண்ணி ஓடுற கான் அடைபடாம வச்சிருங்க. எங்க வீட்ல மக ஒரு மழைமானி வச்சிருக்கா, அத எல்லா வீட்லயும் செய்யலாம். பக்கம் நேரா இருக்கிற பிளாஸ்டிக் போத்தல் ஒண்ணோட மேல்பாகத்த வெட்டி தலைகீழா புனல் மாதிரி சொருகி, அடியில கல்லும் தண்ணியும் போட்டு மட்டமாக்கி, அந்த தண்ணி மட்டத்துல பூச்சியம்னு கோடு போட்டு, பக்கத்துல ஸ்கூல் அடிமட்டத்த ஒட்டிட்டா முடிஞ்சிச்சு, ஏறின மில்லிமீட்டர்தான் மழை. வெட்ட வெளியில வைக்கணும், கூரைக்கு கீழ இல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்து கணக்குப்படி 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீட்டர் தாண்டினா அவதானம், 100 தாண்டினா சாமான கட்டி வச்சு ரெடியா இருக்கணும், 150 தாண்டினா வெளியேறிடணும், ஒரே மணித்தியாலத்துல 75 கொட்டினாலும் அதேதான். தினம் காலையில அவ அளந்து கொப்பில எழுதுவா, நான் ஸ்கூல்ல பத்து பாடத்துல சொல்ற தசமத்த அந்த போத்தல்ல கத்துக்கிட்டா. 75 தாண்டின அன்னிக்கு அவளே வந்து "அம்மா, பேக்க எடுத்து வைக்கவா" ன்னு கேட்டா. அனர்த்த முகாமைத்துவ நிலையத்து நம்பர் 117, கதவுக்கு பின்னால எழுதி ஒட்டியிருக்கோம். பயிர் சம்பந்தமா சந்தேகம்னா விவசாயத் திணைக்களத்து 1920க்கு எடுங்க, தமிழ்ல பேசச் சொல்லி கேளுங்க, கேக்க வெக்கப்படாதீங்க.

இப்ப எங்க வீட்ல ஓடுற வழக்கு முயல். மகனுக்கு முயல் வேணுமாம், ரெண்டு வேணுமாம், ஒண்ணு மட்டும்னா அதுக்கு யாரும் பேச இல்லையாம். ரெண்டு வாங்கினா கொஞ்ச நாள்ல எத்தனை ஆகும்னு கணக்கு டீச்சர் நான் சொல்லித்தான் தெரியணுமா. அப்பாயி அவன் பக்கம், மக என் பக்கம், வீட்டுக்காரர் யார் பக்கமும் இல்லாம பேப்பர் வாசிக்கிறார். கூட்ட தானே கழுவுற வயசு வரட்டும்னு தவணை போட்டு வச்சிருக்கேன், அவன் தினம் காலையில என் தோள்கிட்ட வந்து நின்னு எவ்வளவு வளந்திருக்கேன்னு பாக்க சொல்றான். நன்றி, வணக்கம்.