திரிந்த பாலும் வெற்றிலைச் சுண்ணாம்பும்

வணக்கம் நேயர்களே. அடுப்பில் வைத்த பால் திரிந்துபோனால் சிலர் சர்க்கரை போட்டுக் கிளறிவிடுவார்கள், பல வீடுகளில் அப்படியே கொட்டிவிடுவார்கள். கொட்டாதீர்கள். அதில் ஒரு நல்ல பெயின்ட் இருக்கிறது.

போன வருஷம் என் பேத்திக்கு மர நடைவண்டி ஒன்று செய்யச் சொன்னேன். ஆசாரி இழைத்துக் கொடுத்தார். சரி, எந்தப் பெயின்ட் அடிப்பது? குழந்தை அதைப் பிடித்து நடக்க மட்டுமா செய்யும், பல் முளைக்கிற வயசில் கைப்பிடியைக் கடித்துக்கொண்டேதான் நிற்கும். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பளபளவென்று அடித்த கட்டில், ஜன்னல், தொட்டில் எல்லாம் இன்னும் நம் வீடுகளில்தான் இருக்கின்றன. ஈயத்துக்கு பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அதனால் பழைய பெயின்டை உப்புத்தாள் போட்டுக் காய்ந்தபடியே தேய்க்காதீர்கள், அந்தத் தூசிதான் குழந்தைக்குப் பெரிய கெடுதல்.

அப்படித் தேடும்போதுதான் பால் பெயின்டுக்கு வந்தேன். மேல்நாடுகளில் பழைய மரச்சாமான்களுக்கு இதை அடித்திருக்கிறார்கள், அமெரிக்காவில் 1974இல் இருந்து தூளாகவே விற்கிறார்கள். இங்கே வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

ஒரு லிட்டர் ஆடை நீக்கிய பால். கொழுப்பு இருந்தால் பெயின்ட் சரியாகப் பிடிக்காது, அதனால் ஆடையை நன்றாக எடுத்துவிடுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போது எலுமிச்சைச் சாறு பிழிந்து திரியவிட்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டி, புளிப்புப் போகும்வரை தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். கையில் பனீர் மாதிரி உதிரி உதிரியாக ஒரு கட்டி நிற்கும். இதில்தான் கேசின் என்ற புரதம் இருக்கிறது. இதோடு நீற்றிய சுண்ணாம்புத் தூள் சுமார் 20 கிராம் தண்ணீரில் குழைத்துச் சேருங்கள், வெற்றிலைக்கு வைக்கிற அதே சுண்ணாம்புதான். கிளறக் கிளற, கொஞ்ச நேரத்தில் அந்த உதிரி எல்லாம் கரைந்து வழுவழுவென்று பசையாகிவிடும்! முதல் தடவை பார்த்தபோது கரண்டியை வைத்துவிட்டுப் பக்கத்து அறையில் இருந்தவர்களைக் கூப்பிட்டேன். இந்தப் பசையை வைத்துத்தான் முதல் உலகப்போர் காலத்து மர விமானங்களையே ஒட்டியிருக்கிறார்கள்.

ஒன்று மறக்காதீர்கள். நீற்றாத கட்டிச் சுண்ணாம்பு வேண்டாம், தண்ணீர் பட்டால் கொதிக்கும். நீற்றியதும் கண்ணில் பட்டால் ஆபத்துதான், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். காய்ந்த பிறகு சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்ல இறுகிவிடும்.

அப்புறம் நிறம். கோலத்துக்கு இடுகிற காவி அருமையாக வரும், மஞ்சள் காவியும் சரி. சமையல் மஞ்சளைப் போட்டுவிடாதீர்கள், ஆரத்தித் தட்டில் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும், சுண்ணாம்பு பட்டதும் சிவந்துவிடும், அந்தச் சிவப்பும் வெயிலில் நிற்காது. மண்ணிலிருந்து வருகிற நிறம்தான் சுண்ணாம்போடு ஒத்துப்போகும்.

கலக்கியதை அன்றே அடித்து முடித்துவிடுங்கள். நான் மிச்சத்தை மூடி வைத்து மறுநாள் திறந்தேன், வீடு முழுக்க நாற்றம். எனாமல் பெயின்ட் பூசிய பழைய முக்காலி ஒன்றிலும் அடித்துப் பார்த்தேன், ஒரு வாரத்தில் மீன் செதிலாக உரிந்தது. இது வெறும் மரத்துக்கும் சுண்ணாம்புப் பூச்சுச் சுவருக்கும் உரியது, உள்ளே ஊறிப் பிடிக்க இடம் வேண்டும். குளியலறைக்கும் மழை அடிக்கிற வெளிச்சுவருக்கும் சரிப்படாது, ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். பால் ஒவ்வாமை உள்ள குழந்தை இருக்கிற வீட்டில் தவிர்த்துவிடுங்கள்.

மெல்லியதாக இரண்டு பூச்சு போதும். காய்ந்ததும் வெளுத்துப்போய் சாக்பீஸ் மாதிரி தெரியும், பயப்பட வேண்டாம், மேலே ஆளிவிதை எண்ணெய் தடவினால் நிறம் எழும்பி வரும், தண்ணீரும் சீக்கிரம் இறங்காது. தேங்காய் எண்ணெய் உதவாது, அது காயவே காயாது. கடையில் மரத்துக்கென்று விற்கிற ஆளிவிதை எண்ணெயில் சீக்கிரம் உலர மருந்து கலந்திருக்கும், அதைக் குழந்தை சாமானுக்கு வாங்காதீர்கள், கலப்பில்லாததைக் கேட்டு வாங்கி சில வாரம் நன்றாக உலரவிடுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடவே கூடாது, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள்.

இன்னொன்று, பால் பெயின்ட் என்று பெயர் எழுதிய டப்பாக்கள் எல்லாமே பால் இல்லை, உள்ளே அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் பிசின் இருக்கலாம். லேபிளில் கேசின், சுண்ணாம்பு என்று இருக்கிறதா பாருங்கள்.

பேத்தி இப்போது ஓடுகிறாள். நடைவண்டிக் கைப்பிடியில் அவள் கடித்த இடத்தில் காவி தேய்ந்து மரம் தெரிகிறது. அடுத்த வாரம் அந்த இடத்தை மட்டும் எண்ணெய் போக லேசாகத் தேய்த்து, அரை லிட்டர் பாலில் மறுபடி கலக்கப் போகிறேன், அவள் தம்பிக்கு ஆறு மாதம் முடிகிறது.