பந்து எங்கே இருக்கிறது? (பட்டிமன்ற உரை)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சனிக்கிழமை சாயங்காலம் ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்து, பார்ப்பதை விட்டுவிட்டு ஃபுட்டியைப் பற்றிப் பேசுவதைக் கேட்க வந்திருக்கும் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஓர் ஆட்டக்காரரின் பெயர் நிலைப்பது களத்துக்குள் ஆடியதாலா, களத்துக்கு வெளியே செய்ததாலா? இதுதான் தலைப்பு. எங்கள் அணி களத்துக்குள் என்கிறது. எதிரணித் தலைவி சற்றுமுன், மெல்போர்ன் கிளப்பின் பழைய ஃபுட்டி ஆட்டக்காரர் ஜிம் ஸ்டைன்ஸை எடுத்துக்கொண்டு பேசினார். இளைஞர்களுக்காக ‘ரீச்’ அமைப்பைத் தொடங்கினார், கடனில் மூழ்கிய மெல்போர்ன் கிளப்புக்குத் தலைவராக வந்து கரையேற்றினார், புற்றுநோயோடு கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் போராடி 2012 மார்ச்சில் 45 வயதில் காலமானார், விக்டோரியா மாநிலமே அரசு மரியாதையோடு வழியனுப்பியது என்று அடுக்கினார். கடைசியாக, “இதில் பந்து எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். அரங்கமே கைதட்டியது. நானும்தான் தட்டினேன்.

அம்மா, பந்து எங்கே இருக்கிறது என்று காட்டுகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

டப்ளினில் 1966-ல் பிறந்தவர் ஸ்டைன்ஸ். அயர்லாந்தின் கேலிக் கால்பந்தில் வளர்ந்தவர். 1984-ல் டப்ளினின் இளையோர் அணியோடு அகில அயர்லாந்துக் கோப்பையையும் வென்றார். அந்த நேரம் பார்த்து மெல்போர்ன் கிளப் அயர்லாந்தில் ஆள் தேடுகிறது. பயிற்சியாளர் ரான் பராசியின் யோசனை அது. உயரமான பையன்களாகப் பிடி, உதவித்தொகை கொடு, நம் ஆட்டத்தைச் சொல்லிக்கொடு, பிறகு பார்க்கலாம் என்றார். ‘அயர்லாந்துப் பரிசோதனை’ என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பரிசோதனை என்றால் தோற்றாலும் தோற்கலாம் என்றுதானே அர்த்தம்!

கேலிக் ஆட்டத்தில் பந்து உருண்டை. இங்கே முட்டை வடிவம். தேங்காயை முற்றத்தில் உருட்டிவிட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராவது சொல்ல முடியுமா? அதை ஓடிக்கொண்டே தரையில் தட்டி எடுக்க வேண்டும், குறி பார்த்து உதைக்க வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே இதையும் பழகிவிடுகிறார்கள். ஸ்டைன்ஸ் தொடங்கியபோது வயது 18. முதலில் 19 வயதுக்குட்பட்டோர் அணி. பிறகு பிரஹ்ரான் கிளப்புக்கு அனுப்பினார்கள், கீழ்மட்ட லீக்கில் ஆடிவிட்டு வா என்று. 1987-ல்தான் மெல்போர்னின் முதல் அணியில் இடம் கிடைத்தது.

அவர் ஆடிய இடம் ரக். அப்போதெல்லாம் ஆட்ட நடுவர் பந்தைத் தரையில் ஓங்கி அடித்து மேலே எழுப்புவார். இரண்டு பக்கமும் நெட்டையர்கள் ஓடி வந்து எம்புவார்கள். எதிராளியின் முழங்கால் தொடையில் இடிக்கும், விலாவில் இடிக்கும். அந்த இடியை வாங்கிக்கொண்டே பந்தைத் தன் அணியின் சின்னப் பையனின் கைக்குத் தட்டிவிட வேண்டும். ஒரே ஆட்டத்தில் இது திரும்பத் திரும்ப நடக்கும். அந்தக் காலத்து ரக் ஆட்டக்காரர்கள் மலைபோல் இருப்பார்கள், தட்டிவிட்டதும் மூச்சு வாங்க நின்றுவிடுவார்கள். இவரும் 199 செ.மீ. உயரம்தான். ஆனால் தட்டிவிட்டுப் பந்துக்குப் பின்னாலேயே ஓடினார். மைதானத்தின் இந்த முனையிலும் இருப்பார், அந்த முனையிலும் இருப்பார். ரக் ஆட்டக்காரர் இப்படியும் ஆடலாமா என்று பார்த்தவர்கள் கேட்டார்கள்.

இப்போது 1987 செப்டம்பருக்கு வருவோம். இந்த அரங்கத்தில் மெல்போர்ன் கிளப் ரசிகர்கள் இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள், பழைய புண்ணைக் கிளறுகிறேன்.

1964-க்குப் பிறகு மெல்போர்ன் இறுதிச் சுற்றுக்கே வந்ததில்லை. அந்த ஆண்டு வந்தது. வேவர்லி மைதானத்தில் ஹாத்தார்ன் அணியோடு அரையிறுதி. வென்றால் கிராண்ட் ஃபைனல், கோப்பைக்கான கடைசி ஆட்டம். கடைசி நொடிகள். மெல்போர்ன் 4 புள்ளி முன்னால். ஹாத்தார்னின் கேரி பக்கனாராவுக்கு ஃப்ரீ கிக். நின்று உதைக்கலாம், ஆனால் தூரம் அதிகம். உதைப்பவருக்கும் ‘மார்க்’ என்று குறித்த இடத்துக்கும் நடுவே எதிரணியில் யாரும் குறுக்கே போகக்கூடாது என்பது விதி. ஸ்டைன்ஸ் தன் ஆளைத் துரத்திக்கொண்டு நேராக அந்தக் குறுக்கிலேயே ஓடிவிட்டார். இந்த ஊரில் வளர்ந்த பையனாக இருந்தால் கால் தானாக நின்றிருக்கும். நடுவர் 15 மீட்டர் தண்டனை கொடுத்தார். பக்கனாரா முன்னால் வந்தார். ஆட்டம் முடிந்ததற்கான சைரன் ஒலித்த பிறகு உதைத்தார். கோல். ஒரு கோலுக்கு 6 புள்ளி. மெல்போர்ன் 2 புள்ளியில் தோற்றது.

23 ஆண்டு காத்திருந்த கூட்டம் அது. குற்றவாளி யார்? அயர்லாந்திலிருந்து வந்த, முதல் பருவம் ஆடும் பையன்.

எதிரணித் தலைவி இதைத் தொடவே இல்லை. நான் இங்கேதான் நிற்கப்போகிறேன். அந்தப் பையன் என்ன செய்திருக்கலாம்? டப்ளினுக்கு விமானம் ஏறியிருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள், சிலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலையம் வரை வந்திருப்பார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? அடுத்த ஆட்டத்துக்கு வந்தார். அதற்கடுத்த ஆட்டத்துக்கும் வந்தார். 1988-ல் கிராண்ட் ஃபைனல் வரை போய் அதே ஹாத்தார்னிடம் 96 புள்ளி வித்தியாசத்தில் உதை வாங்கினார்கள். அதற்கடுத்த ஆட்டத்துக்கும் வந்தார். 1998-ல் கை முறிந்து உட்காரும்வரை ஒரே ஓர் ஆட்டத்தைக்கூட விடவில்லை. தொடர்ந்து 244 ஆட்டங்கள். இந்த லீக்கின் வரலாற்றில் அவருக்கு முன் யாரும் இல்லை, 2025 வரை அதை யாரும் தாண்டவும் இல்லை. ஐயா, முழங்காலால் இடி வாங்குவதே வேலையாக இருக்கும் இடத்தில் நின்று 244! இன்னொன்றும் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறுக்கே ஓடிய ஆட்டமும் இந்த 244-க்குள்தான் அடக்கம்.

“பதக்கம் வாங்கினாரே தவிர, கோப்பை வாங்கவில்லையே” என்றும் எதிரணி சொன்னது. உண்மைதான். மெல்போர்ன் மறுபடி கோப்பையைத் தூக்கியது 2021-ல், அதைப் பார்க்க அவர் இல்லை. ஆனால் 1991-ல் அவர் வாங்கிய பிரவுன்லோ பதக்கத்தை யார் கொடுக்கிறார்கள்? ரசிகர்கள் இல்லை, பத்திரிகைகள் இல்லை. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் களத்தில் நின்ற நடுவர்களே மூன்று, இரண்டு, ஒன்று என்று வாக்குப் போடுகிறார்கள். யாரையாவது அடித்துத் தடை வாங்கியிருந்தால் பதக்கம் கிடையாது. 1987-ல் ஸ்டைன்ஸுக்கு விதி தெரியவில்லை என்று விசில் ஊதிய அதே நடுவர் வர்க்கம், நான்கு ஆண்டு கழித்து ‘இந்த லீக்கில் சிறந்தவரும் நேர்மையானவரும் இவரே’ என்றது. நடுவர் அவர்களே, நடுவர்கள் மனம் மாறுவார்கள் என்பதை உங்கள் முன்னிலையில் மிகுந்த பணிவோடு பதிவு செய்கிறேன்.

இதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது 1997. பிரவுன்லோவைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், 1997-ஐப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அந்த ஆண்டு மெல்போர்ன் வென்றது நாலே நாலு ஆட்டம். 16 அணிகளில் 16-ஆவது இடம். அந்த அணியின் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது யாருக்கு? 31 வயது ஸ்டைன்ஸுக்கு. தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக. தோற்கிற அணியில், கேமரா வேறு பக்கம் திரும்பிய பிறகு, நனைந்த மைதானத்தில் மறுபடி மறுபடி எம்பிக்கொண்டிருந்த மனிதர் அவர்.

இனி எதிரணியின் பட்டியலுக்கு வருகிறேன். ரீச் அமைப்பை அவர் ஒரு நண்பரோடு சேர்ந்து தொடங்கியது 1994-ல். அம்மா, ஆண்டைப் பாருங்கள். ஓய்வு பெற்றுவிட்டு, பொழுது போகாமல் தொடங்கியதா? வார இறுதியில் இடி வாங்கிக்கொண்டு, வாரநாளில் பிள்ளைகள் முன்னால் போய் நின்றார். வீட்டில் பிரச்சினை, பள்ளியில் பிரச்சினை என்று வந்து உட்காரும் 15 வயதுப் பையன் யார் பேச்சையாவது கேட்பானா? என் வீட்டில் ஒருவன் இருக்கிறான், காது எதற்கென்றே தெரியாதவன். அப்படிப்பட்டவர்கள் இவர் பேச்சைக் கேட்டார்கள். ஊரறியத் தப்பு செய்து, ஊரறிய அவமானப்பட்டு, மறுவாரமும் அதே ஊர் முன்னால் வந்து நின்றவர் பேசினால் கேட்காமல் என்ன செய்வார்கள்?

நோயைப் பற்றி ஒரே வார்த்தை. 2009-ல் தனக்குப் புற்றுநோய் என்று அவரே வெளிப்படையாக அறிவித்தார், சிகிச்சைக்கு நடுவிலும் கிளப் வேலையைப் பார்த்தார். தலை வணங்குகிறேன். ஆனால் ஒரு மனிதரை அவருக்கு வந்த நோயை வைத்து அளப்பது அவருக்கே நியாயம் இல்லை என்பது என் கட்சி. அது அவர் கேட்டு வாங்கியதில்லை. பிரஹ்ரானில் தொடங்கி ஆடிய ஒவ்வோர் ஆட்டமும் அவர் கேட்டு வாங்கியது.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணியில் அடுத்து வருபவருக்கு ஒரு கேள்வி மட்டும் வைக்கிறேன். 2008-ல் மெல்போர்ன் கிளப்புக்குச் சுமார் 50 லட்சம் டாலர் கடன். அந்த நாற்காலியில் ஒரு வங்கிக்காரரை உட்கார வைத்திருக்கலாம், ஒரு கோடீஸ்வரரை உட்கார வைத்திருக்கலாம். உட்கார்ந்தவர் ஒரு பழைய ரக் ஆட்டக்காரர். அவர் கேட்டதும் ரசிகர்கள் பணம் கொடுத்தார்கள், 2010-ல் கடன் தீர்ந்தது. ஏன் கொடுத்தார்கள்? 1987-ஐயும் 1997-ஐயும் தொடாமல் இதற்குப் பதில் சொல்லுங்கள், முதல் வரிசையில் உட்கார்ந்து நானே கைதட்டுகிறேன்.